மூன்றாவது எஞ்சின்

ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே இரண்டு பேரும் நலம். உன் அக்காவுக்கு மட்டும் முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. "அவனுக்கு எழுதாதீங்க, பதறுவான்" என்றாள், அதனால் எழுதுகிறேன். உன் இருமல் நின்றதா? மூக்கில் துணி கட்டாமல் அந்த ஃபைபர் தூளைத் தேய்க்காதே என்று எத்தனை தடவைதான் சொல்வது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். நம் விண்வெளித் தொடர் "கரைகாணாக் கப்பல்" திரும்பி வருகிறது! டிவி தொடராக அல்ல, சினிமாவாக! நேற்று மாலைப் பத்திரிகையில் கையகலத்துக்குச் செய்தி போட்டிருக்கிறான்.

பதினோரு வருஷமாகிறது மச்சான். பதின்மூன்றாவது வாரம் கேப்டன் கடைசிக் கதவைத் திறந்து "யார் அங்கே?" என்று கேட்டதோடு தொடரை நிறுத்தினார்கள். அடுத்த வாரம் அதே நேரத்தில் கோழி வளர்ப்பைப் பற்றி விளக்கினார்கள். அன்றைக்கு நீ எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, காலேஜ் படிக்கிற தடியன், விக்கி விக்கி அழுதாய். நான் அழவில்லை என்று இன்றுவரை உன் அக்காவிடம் சாதித்துக்கொண்டிருக்கிறேன்.

செய்தியை முதலில் பார்த்தவன் ஒரு கண்டக்டர். டிப்போவில் என் டைம் கீப்பர் கூண்டுக்குள் பேப்பரை வீசிவிட்டுப் போனான். படித்த பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையெழுத்துப் போடாமலே ஒரு பஸ்ஸை அனுப்பிவிட்டேன். என் சர்வீஸில் இது முதல் தடவை. நம் ரசிகர் மன்றத் தலைவர் பல் டாக்டருக்கு போன் போட்டேன். மனிதர் ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடி நாற்காலியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். தெருமுனைக் கடையில் இருந்த அத்தனை பிரதியையும் வாங்கிவிட்டோம். வேலை விளம்பரம் பார்க்க வந்த ஒருவர் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். கொண்டாட வாங்கிய கேக்கில் அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம். செய்தியை டாக்டரின் கிளினிக் சுவரில் ஒட்டி, ஆளுக்கு ஒரு தடவை சத்தமாக வாசித்தோம்.

ஒன்று கேட்கிறேன். செய்தியின் கடைசி வரியில் உங்கள் ஸ்டூடியோ பெயர் இருக்கிறது. நீயோ அங்கே படத்துக்கான மாதிரி உருவங்கள் செய்கிற பட்டறையில் இருக்கிறாய். மூன்று மாதமாக உன் கடிதத்தில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் மறைக்கிறாயா?

பதிலை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்,
அத்தான்

*

ஜனவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இருமல் போய்விட்டது. அக்காவை மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல்லுங்கள். துணியை நீங்கள் காயப்போட்டால் கிரீடம் ஒன்றும் இறங்கிவிடாது.

நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பட்டறையில் நாங்கள் நான்கே பேர். கதவுக்கு வெளியே ஒரு காவலாள். பையைக்கூடத் திறந்து பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

ஆனால் உங்களிடம் எப்படி மறைப்பேன்? உங்கள் கூடத்தில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் அந்தக் கப்பலை நான் முதலில் பார்த்தேன். தீப்பெட்டியும் பேனா மூடியும் வைத்து அதைச் செய்து பார்த்தேன். அந்தப் பைத்தியம்தான் என்னை இந்த வேலைக்கு இழுத்து வந்தது. ஆமாம் அத்தான். நம் கப்பலை நான்தான் செய்துகொண்டிருக்கிறேன். என் உயரத்தைவிட நீளம். வண்ணம் பூசுபவர் எங்களோடு வேலை செய்கிற ஒருவர், வார்னிஷ் என்று கூப்பிடுவோம், தங்கமான மனிதர். அவர் தூரிகை பட்டால் பிளைவுட் இரும்பாகிவிடும்.

இன்னும் ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதற்கு மேல் கேட்காதீர்கள். கப்பலுக்கு இப்போது இரண்டு எஞ்சின்தான். மூன்றாவது பிய்ந்துபோயிருக்கிறது. ஏன் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அந்த இடத்தைச் செய்யும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

காதும் காதும் வைத்தாற்போல இருக்கட்டும். டாக்டரிடம்கூட மூச்சு விடாதீர்கள்.

அக்காவுக்கும் உங்களுக்கும் அன்புடன்,
மச்சான்

*

பிப்ரவரி 14

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் சுகம். துணியை இப்போது நான்தான் காயப்போடுகிறேன். பக்கத்து வீட்டம்மாள் தன் கணவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். அவர் என்னை முறைக்கிறார்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ செய்கிற கப்பல்! டிப்போவில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்ல வேண்டும் போல வாய் நமநமத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய பத்திரிகையில் முழுப் பக்கம் வந்தது, பழைய தொடரின் புகைப்படத்தோடு! மன்றமே கிளினிக்கில் கூடியது. காத்திருப்போர் பெஞ்சியின் மேல் ஏறி நின்று டாக்டர் வாசித்தார். ஒவ்வொரு பத்திக்கும் கைதட்டல். தபால்கார அம்மாள், எங்கள் பொருளாளர், நிஜமாகவே குலவையிட்டாள். "பைத்தியக்காரர்கள் என்று சொன்ன ஊரே இன்று நம்மைப் படிக்கிறது" என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஒரே ஒரு தப்பு, மச்சான். "அதே மூன்று எஞ்சின்களுடன் சீறி வரும் கப்பல்" என்று எழுதிவிட்டான். அங்கே எல்லோரும் கைதட்டுகிறார்கள், எனக்கு மட்டும் காலில் முள் தைத்த மாதிரி. ஒரு பஸ் தாமதமாக வந்ததைச் சரியான நேரத்தில் வந்ததாக எழுதச் சொன்னால் என் பேனா ஓடாது, உனக்கே தெரியும். இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பிறகு பத்திரிகைக்கு நான்கு வரி எழுதிப் போட்டேன்: "கட்டுரை அருமை. ஒரு திருத்தம். படத்தில் கப்பலுக்கு இரண்டு எஞ்சின்களே. மூன்றாவது பிய்ந்துபோயிருக்கிறது." அவ்வளவுதான். உன் பெயரோ ஸ்டூடியோ பெயரோ மூச்சுக்கூட விடவில்லை, பயப்படாதே.

நேற்று அதை அச்சில் போட்டுவிட்டான்! வாசகர் கடிதத்தில் முதலாவது! மன்றத்தில் என்னைத் தோளில் தூக்காத குறை. "யார் சொன்னா?" என்று துளைத்தார்கள். மன்றத்தின் ஒரே விதி உனக்கு நினைவிருக்கும், நான் எழுதியதுதான்: பார்த்ததைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே. கேப்டனாக நடித்தவர் செத்துப்போனார் என்று எவனோ கிளப்பிவிட, உயிரோடு இருந்தவருக்கு நாங்கள் மாலை போட்டு அழுதோமே, அதற்குப் பிறகு வந்த விதி. "பார்த்தவங்க சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டேன். அதுவும் உண்மைதானே.

கத்தரித்து அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வை.

தரையில் கால் பாவாத,
அத்தான்

*

மார்ச் 2

அத்தான்,

நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை, மன்னியுங்கள். இனிமேல் ஸ்டூடியோ முகவரிக்கு எழுத வேண்டாம். உறையின் பின்பக்கம் இருக்கும் விடுதி முகவரிக்கே எழுதுங்கள்.

உங்கள் நான்கு வரியைத் தயாரிப்பு மேனேஜர் எங்கள் மேஜைமேல் கொண்டுவந்து போட்டார். "நாலு பேருக்குத் தெரிஞ்ச விஷயம் ஊருக்கே தெரிஞ்சிருக்கு. நாலு பேர்ல யாரு?" என்று கேட்டார். காவலாள் சொன்னானாம், போன மாதம் ஒரு பத்திரிகைக்காரர் கேட் அருகே வார்னிஷுக்கு டீ வாங்கிக் கொடுத்தார் என்று. அவ்வளவுதான். வார்னிஷை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவிக்கு இது எட்டாவது மாதம். தூரிகைகளைக் கழுவி, துடைத்து, வரிசையாக வைத்துவிட்டு, "நான் சொல்லலைப்பா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன். அதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. வாயைத் திறந்திருந்தால் நான் வெளியே போயிருப்பேன், வேறு எந்த ஸ்டூடியோவிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். அதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மேனேஜர் பத்திரிகை ஆபீசில் உங்கள் முகவரியை வாங்கிவிட்டார். உங்களைப் பார்க்க நேரில் வருகிறார். நான் யாருடைய மைத்துனன் என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். ஒன்றும் சொல்லாவிட்டால் வார்னிஷ் திரும்பி வர முடியாது. என்ன சொல்லச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏன் அத்தான் எழுதினீர்கள்? ஒரு எஞ்சின் கூட இருந்தால் என்ன, குறைந்தால் என்ன?

இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மச்சான்

*

மார்ச் 29

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உன் கடிதம் வந்து நாளாகிறது. பேனாவை எடுப்பேன், வைப்பேன். என்னத்தை எழுத? மன்னிப்புக் கேட்டு ஆறு தடவை ஆரம்பித்தேன், ஆறும் எனக்கே பிடிக்கவில்லை. தப்பு என்னுடையது. அதை ஒரே வரியில் எழுதிவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மேனேஜர் வீட்டுக்கு வரவில்லை, டிப்போவுக்கே வந்துவிட்டார். மத்தியான நேரம். கூண்டுக்குள் ஒரே நாற்காலி, அதில் அவர் உட்கார்ந்துகொண்டார், நான் நின்றேன்.

"இந்த லெட்டர் நீங்க எழுதினதா?"

"ஆமா."

"ரெண்டு எஞ்சின்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். நானா நினைச்சுக்கிட்டேன்."

"நினைச்சுக்கிட்டா இவ்வளவு தீர்மானமா எழுதுவீங்க?"

"ரசிகன் சார். நாங்க தீர்மானமாத்தான் நினைப்போம்."

மனிதர் சிரிக்கவில்லை. "எங்க ஸ்டூடியோவுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது?" என்றார். "எனக்கு டிரைவர், கண்டக்டரைத் தவிர யாரையும் தெரியாது சார்" என்றேன். சரியாக அந்த நேரம் பார்த்து உன் அக்கா சாப்பாட்டு டப்பாவோடு வந்து நிற்கிறாள். உங்கள் வீட்டு மூக்கை ஒளித்துவைக்க முடியுமா? அவள் முகத்தையே பார்த்தார். "உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே?" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது.

உன் அக்கா டப்பாவை மேஜைமேல் டங்கென்று வைத்தாள். "பஸ் டிப்போவுல எல்லாரும் எல்லாரையும் பார்த்த மாதிரிதான் இருக்கும்" என்றாள். அப்புறம், "இவர் சாப்பிட்டு மாத்திரை போடணும், பேசி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கு எந்த மாத்திரையும் கிடையாது.

அவர் எழுந்தார். ஆனால் சும்மா போகவில்லை. "நினைச்சதுதான்னா அதையே எழுதிக் கொடுங்க, பேப்பர்ல போடணும். முழுப் பேரு, வேலை, மன்றத்துல என்ன பதவி, எல்லாம் வேணும். அது அச்சுல வந்தா நீங்க சொல்றதை நம்பறேன். வராட்டி எங்க ஆளுங்கள்ல ஒருத்தன்தான்னு முடிவு பண்ணிக்கிறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். "படத்தில் கப்பலுக்கு இரண்டு எஞ்சின் என்று நான் எழுதியது முழுக்க என் கற்பனை. பார்க்காததைப் பார்த்தது போல எழுதியதற்கு வருந்துகிறேன். கப்பலுக்கு மூன்று எஞ்சின்களே." பதினாறு வருஷம் டைம் கீப்பராக இருந்து, தெரிந்தே ஒரு பொய்யை என் கையெழுத்தில் எழுதியது அன்றைக்குத்தான். பேனா தடையில்லாமல் ஓடியது. அதுதான் ஆச்சரியம்.

அடுத்த ஞாயிறு வரும் என்றார்கள். வார்னிஷ் திரும்பி வந்தாரா என்று மட்டும் எழுது.

அத்தான்

*

ஏப்ரல் 21

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கும் அக்காவுக்கும் என் வணக்கம். அக்காவின் மூக்குக்குத் தனியாக ஒரு வணக்கம்.

வார்னிஷ் வந்துவிட்டார்! உங்கள் மன்னிப்பு அச்சில் வந்த மறுநாளே மேனேஜர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பட்டறைக்குள் வந்ததும் முதல் காரியமாகத் தூரிகைகளை எண்ணிப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். எதற்காக அப்படிக் கட்டிக்கொண்டேன் என்று அவருக்குத் தெரியாது.

உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? உங்கள் குணம் எனக்குத் தெரியும். அந்த மூன்று வரி உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்றும் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அத்தான். அக்டோபரில் படம் வரும். கப்பல் திரும்பி முதுகைக் காட்டுகிற அந்த நிமிஷம், யார் சொன்னது உண்மை என்று ஊருக்கே தெரியும். அப்போது டாக்டர் முகத்தைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

என்றும் கடன்பட்ட,
மச்சான்

*

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். முழங்கால் பரவாயில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இரண்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லையே, கையில் என்ன ஃபைபர் ஒட்டிக்கொண்டதா?

உன் அத்தான் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். மன்றத்தை விட்டு அவரை நீக்கிவிட்டார்கள். மன்னிப்பு வந்த அந்த வாரமே டாக்டர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். "நீங்க எழுதின விதிதான் சார், நாங்க என்ன பண்றது? நம்மளை ஊரே கேலி பண்ணுது" என்றார். இவர், "விதி சரிதான் டாக்டர்" என்று சொல்லி, உள்ளே போய் மன்ற அலமாரியின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் உண்மையைப் போட்டு உடைத்திருப்பேன். என் கையை ஒரு அழுத்து அழுத்தினார், வாயை மூடிக்கொண்டேன்.

டிப்போவில் டிரைவர்கள் "ரெண்டு எஞ்சின்" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் கிளம்பும்போது, "ரெண்டு எஞ்சின், டைம் சரியா? பார்த்துச் சொல்றீங்களா, நினைச்சுச் சொல்றீங்களா?" என்று கத்திவிட்டுப் போகிறார்கள். இவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார். மன்றம் கூடுகிற சனிக்கிழமை சாயந்தரம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளினிக் இருக்கும் தெருவரை நடந்துபோய்விட்டுத் திரும்பி வருகிறார். கேட்டால் காற்று வாங்கவாம்.

ஆனால் கலங்கவில்லைடா. "படம் வரட்டும்" என்கிறார். வாய் ஓயாமல் அதே பேச்சு. முதல் காட்சிக்கு டாக்டருக்குப் பின்வரிசையில் டிக்கெட் எடுக்க வேண்டுமாம், அவர் திரும்பிப் பார்ப்பதைப் பார்க்க வேண்டுமாம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் நடமாடுகிறார். அவருக்கு நாலு வரி எழுது.

உன் அக்கா

*

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உன் தோழியின் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். அத்தான் கண்ணில் பட வேண்டாம்.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. மே மாதக் கடைசியில் மேனேஜர் ஒரு கட்டுப் பத்திரிகைத் துண்டுகளோடு வந்தார். அத்தானின் மன்னிப்புக்குப் பிறகு டாக்டர் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார்: "எங்கள் கப்பலுக்கு மூன்று எஞ்சின்தான். ஒன்றைத் தொட்டாலும் தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம்." அதைப் பார்த்து மற்ற ஊர் மன்றங்களும் எழுதித் தள்ளிவிட்டன. தயாரிப்பாளர் பயந்துவிட்டார். "மூணே இருக்கட்டும்யா. அந்த ஆளே மூணுன்னு எழுதி மன்னிப்புக் கேட்டுட்டான். நாம எதுக்கு ரெண்டுன்னு நின்னு அடிவாங்கணும்?" என்றாராம்.

கதையை மாற்றிவிட்டார்கள், அக்கா. எஞ்சின் பிய்கிற காட்சியே இப்போது இல்லை. பிய்ந்த இடத்தை மூடி, பழைய அச்சில் மூன்றாவது எஞ்சினை வார்த்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியது நான்தான். வண்ணம் அடித்தது வார்னிஷ். "எத்தனை எஞ்சின் இருந்தா என்ன, வேலை இருக்கே" என்றார். அவர் வேலை எப்படிப் போனது, எப்படி வந்தது என்று இன்னும் அவரிடம் நான் சொல்லவில்லை. அதற்குத் தைரியம் இல்லை. அத்தானிடம் சொல்லவும் தைரியம் இல்லை.

அத்தான் சொன்ன பொய்தான் இப்போது உண்மை. அவர் சொன்ன உண்மை இனி எந்தக் காலத்திலும் பொய்தான். படம் வந்தால் தெரியும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அந்தத் தியேட்டரில் அவர் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே உடம்பு பதறுகிறது.

நீ சொல்லிவிடேன், அக்கா. உன் வாயால் சொன்னால் தாங்கிக்கொள்வார்.

தம்பி

*

ஆகஸ்ட் 25

தம்பி,

நலம். மூன்று தடவை சொல்லப் போனேன். முதல் தடவை, படம் வரும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை, புதுச் சட்டைக்குத் துணி எடுக்க என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை, "உன் தம்பி கைவேலையை அவ்வளவு பெரிய திரையில பார்க்கப் போறேன், நினைச்சாலே சிலிர்க்குது" என்றார். என்னால் முடியவில்லைடா. ஊரை விட்டே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், படம் வருகிற அந்த ஒரு வாரத்துக்கு மட்டும்.

செய்தது நீ. சொல்ல வேண்டியவனும் நீதான். எழுது.

அக்கா

*

செப்டம்பர் 19

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நலமா? இங்கே நல்ல மழை. விடுதியில் அறை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஜன்னல் பெரியது. படவேலை முடிந்துவிட்டது. எல்லோரும் நன்றாக வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அடுத்து ஒரு பேய்ப் படம், பாழடைந்த பங்களா ஒன்று செய்ய வேண்டும்.

முதல் காட்சிக்கே போக வேண்டும் என்று இல்லை. கூட்டமாக இருக்கும். இரண்டு வாரம் கழித்து நிதானமாகப் பார்க்கலாம். அக்காவின் முழங்காலையும் யோசியுங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

மச்சான்

*

அக்டோபர் 13

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே இருவரும் நலம். முதல் காட்சிக்கே போனோம்.

உன் கடிதம் வந்தபோதே எதுவோ சரியில்லை என்று பட்டது. பேய்ப் படத்துக்கு ஒரு வரி, ஜன்னலுக்கு ஒரு வரி, கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் அக்காவோ ஒரு மாதமாக என் முகத்தைப் பார்க்காமலே சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். படம் சுமாராக வந்திருக்கும், மறைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேறெதுவும் என் புத்திக்கு எட்டவில்லை.

மன்றத்தார் எல்லோரும் ஒரே வரிசை. நாங்கள் அதற்கு நேர் பின்னால். விளக்கு அணைந்தது. அந்தப் பழைய இசை வந்ததும் தபால்கார அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். கப்பல் திரையின் கீழிருந்து வந்தது. என்ன ஒரு கப்பல்! நம் தலைக்கு மேலேயே போவது போல இருந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். கப்பல் மெதுவாகத் திரும்பியது. முதுகைக் காட்டியது.

மூன்று.

முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்று விசிலடித்தது. இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் திரும்பவில்லை, நல்ல மனிதர். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூடத் தியேட்டரில் அப்படிப் பிடித்ததில்லை. அவளுக்கு முன்பே தெரியும் என்று அந்தப் பிடியிலேயே புரிந்துவிட்டது. அப்புறம் திரையில் என்ன நடந்தது என்று அரைமணி நேரம் எனக்குத் தெரியாது.

இடைவேளையில் டாக்டர் இரண்டு கப் டீயோடு வந்தார். "விடுங்க சார். ஆசையில நினைச்சிட்டீங்க, நடக்கல. தப்பு மனுஷன் பண்றதுதானே? சனிக்கிழமை வந்துடுங்க. நீங்க இல்லாம அலமாரி அலங்கோலமா கிடக்கு" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. படம்தான் வந்துவிட்டதே, யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் சொன்னாலும் நம்புவார்களா? திரையிலேயே மூன்று இருக்கிறதே. "ரொம்ப நன்றி டாக்டர்" என்றேன். மன்னிப்பையும் வாங்கிக்கொண்டேன், டீயையும் வாங்கிக்கொண்டேன். சர்க்கரை கம்மி.

ராத்திரி உன் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். உன்மேல் கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். என்னிடம் சொல்லியிருக்கலாம், மச்சான். மூன்று எஞ்சினைத் தாங்கியிருப்பேன். தெரியாமல் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை. விடிகிறவரை கோபம் இருந்தது. விடிந்ததும் வார்னிஷின் குழந்தைக்கு இப்போது ஆறு மாதம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் இறங்கியது. மீதியும் இறங்கிவிடும். ஆனால் அவரிடம் உண்மையைச் சொல். எனக்காக இல்லை, அவருக்காக. நாம் இருவரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த அவப்பெயர் அது.

நேற்று தனியாக இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். பக்கவாட்டில் போகும்போது மூன்றாவது எஞ்சின்மேல் மட்டும் புகைக்கறை இல்லை. மற்ற இரண்டும் வருஷக்கணக்காகப் பறந்தவை, அது நேற்றுப் பொருத்தியது. தியேட்டரில் வேறு யாரும் கவனிக்கவில்லை. பத்திரிகைக்கு எழுத மாட்டேன், பயப்படாதே.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். "அதற்கு மேல் கேட்காதீர்கள்" என்றாய், நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த மூன்றாவது எஞ்சின் எப்படிப் பிய்ந்தது? யாருக்காகப் பிய்ந்தது? செய்யும்போது உனக்குத் தொண்டை அடைத்த அந்த இடம் எப்படி இருந்தது? எதையும் விடாமல், நிதானமாக எழுது. எத்தனை பக்கம் ஆனாலும் சரி. இந்தத் தடவை ஒருவரிடமும் சொல்ல மாட்டேன். உன் அக்காவுக்கு மட்டும் வாசித்துக் காட்டுவேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அத்தான்